செத்தது நான் இல்லை

எங்கள் லாண்டரியில் காலை ஷிப்ட் தொடங்கும் முன் பெயர் கூப்பிடுவார்கள். சூப்பர்வைசர் ஒரு துணி வண்டியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். நாங்கள் "இருக்கேன்" என்போம். யார் முகத்தையும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. குரல் வந்தால் ஆள் வந்த கணக்கு.

எனக்குப் பக்கத்தில் நிற்பவளும் தினம் "இருக்கேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கூப்பிட்ட பெயர் அவளுடையது இல்லை, அவ்வளவுதான். அது அவளுடைய அக்காவின் பெயர்.

அவளை நாங்கள் நீராவி என்போம். மெஷினில் அழுத்தம் ஏறினால் ஒரு மூடி தானாகத் திறந்து புஸ்ஸென்று ஆவி விடும். அதன் பக்கத்தில் நின்று நின்று இவளும் அப்படி ஆகிவிட்டாளா, இல்லை பிறவியிலேயே அப்படியா என்று எனக்குத் தெரியாது. நியாயமில்லாத பேச்சு காதில் விழுந்தால் மூக்கால் ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் பின்னாலேயே பேச்சும் வரும்.

ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஹோட்டல் விரிப்புகளும் எங்களிடம் வரும். துவைத்துப் பிழிந்து ஈரத்தோடு குவித்திருப்பார்கள். அவற்றை உலர்த்தி இஸ்திரி போட இரண்டு கட்டில் நீளத்துக்கு ஓர் உருளை, கொதிக்கக் கொதிக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் இரண்டு பேர் நிற்க வேண்டும். விரிப்பின் இந்த மூலை எனக்கு, அந்த மூலை அவளுக்கு. ஒரு உதறு உதறி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓரத்தை உருளைக்குக் கொடுக்க வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முந்தினாலும் விரிப்பு கோணலாக ஏறி, மடிப்பு அப்படியே வெந்துபோய்விடும். மறுபடியும் தண்ணீரில் போட வேண்டியதுதான். அவள் எப்போது கொடுப்பாள் என்று அவள் தோளைப் பார்த்தே எனக்குத் தெரியும். கட்டிக்கொண்டவர்கள்கூட இவ்வளவு ஒத்துப்போவார்களா என்பது எனக்குச் சந்தேகம். என் வீட்டுக்காரரைக் கேட்டால் சந்தேகமே இல்லை, போகமாட்டார்கள் என்பார்.

ஆக, அவள் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. இத்தனை வருஷம் அவளுடைய மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

அவளுடைய அப்பா ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருந்தபோது அக்கா பிறந்தாள். குடியிருக்கக் கொடுத்த அறை, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி, பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அதனால் அக்காவுக்குப் பிறந்த சான்றிதழும் வந்தது, பள்ளிக்கூடத்துச் சான்றிதழும் வந்தது, பின்னால் அந்த இரண்டையும் காட்டி அடையாள அட்டையும் வந்தது. மில்லை மூடினார்கள். அப்பாவும் அம்மாவும் சாலை போடும் வேலைக்குப் போனார்கள். சாலை நீள நீளக் கூடாரமும் நகரும். நீராவி அப்படி ஒரு சாலையோரத்தில், தார் டிரம்முக்குப் பின்னால் பிறந்தாள். எந்த ஊர் எல்லையில் பிறந்தாள் என்பதை அப்பாவும் அம்மாவும் கடைசிவரை பேசி முடிக்கவில்லை. ஓர் ஊரிலும் எழுதிவைக்கவில்லை.

பெரியவளான பிறகு அட்டை கேட்டுப் போனாள். பிறந்த சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். அதைக் கேட்கப் போன இடத்தில் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் கொண்டு வா என்றார்கள். பள்ளிக்கூடத்து வாசலையே அவள் மிதித்ததில்லை. சரி, குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கி வா என்றார்கள். வீட்டுக்காரர், "வாடகை வாங்கறேன்னு நான் எழுதிக் குடுத்தா வரியை நீ கட்டுவியா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். இந்த ஜன்னலில் கேட்டால் அந்த ஜன்னலைக் காட்டினார்கள், அந்த ஜன்னலில் கேட்டால் மறுபடியும் இந்த ஜன்னலை. அலைச்சலில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

அட்டை இல்லாமலே ஒரு தரம் வங்கிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி, பேச்சில் மரியாதையான ஆள்.

"உங்ககிட்ட ஏதாவது அடையாளம் இருக்காங்க?"

"இருக்கே."

"குடுங்க பாக்கலாம்."

"இதோ நிக்கிறேன்ல."

"அது இல்லீங்க. அட்டை, உங்க படம் போட்டது."

"ஆளே வந்திருக்கேன், ஆளோட படம் எதுக்குங்க?"

வாசலில் நின்ற காவலாளி சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இருக்கையை விட்டு எழுந்து வாசல்வரை வந்து, கணக்கு மட்டும் திறக்க முடியாது என்று அனுப்பிவைத்தார்.

வங்கி இல்லாதவர்கள் சேர்க்கிற பணம் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். தெருமுனைக் கடைக்காரம்மா பிடித்த சீட்டில் போட்டாள். கடைக்காரம்மா ஒரு நாள் கடையோடு காணாமல் போனாள். புகார் கொடுக்கப் போனால், புகார் கொடுப்பவரின் அட்டை எங்கே என்று கேட்டார்கள். அவசரத்துக்குக் கடன் வேண்டுமென்றால் வட்டிக்காரன் ஒருவன்தான். அவன் அட்டை கேட்டதே இல்லை. வீடு தெரியும், வேலை முடிந்து வருகிற வழி தெரியும். அவனுக்கு மட்டும் நம் முகமே போதுமானதாக இருக்கிறது.

இந்த நிலையில்தான் எங்கள் லாண்டரியில் சம்பளத்தைக் கையில் கொடுப்பதை நிறுத்தினார்கள். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் எங்களை இரண்டிரண்டு பேராகக் கூப்பிட்டார். உருளைக்காரிகள் என்பதால் நானும் நீராவியும் சேர்ந்தே போனோம்.

"இனிமே சம்பளம் பேங்க்ல தான் போடுவோம். கணக்கு இல்லாதவங்களுக்கு வேலை இல்ல. மேலிடத்து உத்தரவு."

"எனக்கு அட்டையே இல்லையே சார். பேங்க்ல சேத்துக்க மாட்டேங்கறாங்க."

அவர் நிமிரவேயில்லை. "யாரோட அட்டையையாவது கொண்டு வாம்மா. எனக்கு எழுதறதுக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதான்."

அந்த அறையில் அப்போது நானும் இருந்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு இதயம் பலவீனம். படி ஏறினால் மூச்சு வாங்கும். வீட்டிலேயே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து பல காலம். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. நீராவியையும் சேர்த்து மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தார்கள்.

அக்கா அட்டையைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்தாள். "கொண்டு போடி. வீட்டுல இருக்கிற பொத்தானெல்லாம் என்கிட்ட அட்டையா கேக்குது?" படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இது நானும் இல்ல, நீயும் இல்ல. அதனால ரெண்டு பேருக்கும் பொருந்தும்," என்றாள். வங்கிக்கு அக்காவே நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுக் கணக்குத் திறந்தாள். பணம் எடுக்கும் அட்டையைத் தங்கையின் கையில் வைத்துவிட்டாள். அடையாள அட்டையும் நீராவியின் இடுப்புப் பைக்கே குடிவந்தது. லாண்டரி கேட்டில் அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

அதுவரை எங்களைத் தலை எண்ணித்தான் உள்ளே விட்டார்கள், பெயர் கூப்பிடுகிற வழக்கமே அதற்குப் பிறகு வந்ததுதான். அன்றிலிருந்து லாண்டரியில் அவள் அக்கா ஆனாள். சம்பளம் அக்கா பெயரில் ஏறியது. மிச்சம் பிடித்ததும் அக்கா பெயரிலேயே சேர்ந்தது. உள்ளேயே குழாய் இருக்கிற வீட்டுக்கு முன்பணம் கட்ட அதைச் சேர்த்தாள். அக்கா படி இறங்கித் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் தனக்கு உயிர் போய் வருகிறது என்பாள் நீராவி. "ஊரிலேயே நான்தான் பணக்காரி, ஆனா தொட முடியாத பணக்காரி," என்று அக்கா கேலி செய்வாள். அந்த வீட்டில் சிரிப்புக்கு மட்டும் அட்டை தேவைப்படவில்லை.

எங்கள் லாண்டரி விரிப்பு துவைத்துக் கொடுக்கிற ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வைத்தியச் சலுகை உண்டு. எங்கள் பெயர்களெல்லாம் அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருக்கும். அந்த ஆஸ்பத்திரிக்குத்தான், ஒரு நடுப்பகலில் மூச்சு முட்டித் துடித்த அக்காவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு மகள் ஓடினாள்.

வாசலில் பெயர் கேட்டார்கள். அந்தப் பெண் வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் மனசில் ஓடியதைப் பின்னால் அவளே சொன்னாள். அந்த நேரத்தில் அம்மாவின் பெயர் லாண்டரியில் உருளை முன்னால் நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இங்கே அதே பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பெயர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. சித்தியின் வேலை போய்விடும். சித்தியின் சொந்தப் பெயரோ உலகத்தில் எந்த இடத்திலும் இல்லை, சும்மாவே கிடக்கிறது.

அவள் சித்தியின் பெயரைச் சொன்னாள். அவசரம் என்பதால் யாரும் அட்டை கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

சாயங்காலத்துக்குள் அக்கா போய்விட்டாள்.

ஷிப்டிலிருந்து நேராக நாங்கள் ஓடினோம். அக்காவை மூடியிருந்த விரிப்பு எங்கள் உருளையிலிருந்து போனதுதான். ஓரத்தில் ஒரு மூலை சுருண்டிருந்தது. நீராவி அதை நீவி நேராக்கினாள், மறுபடி நீவினாள், மறுபடியும். கையைப் பிடித்து நான் நிறுத்த வேண்டியிருந்தது. பிறகுதான் ஆஸ்பத்திரிச் சீட்டு அவள் கைக்கு வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்குத் தெரியும். படித்தாள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் அவளுடைய பெயர் இருந்தது.

"என் பேர அச்சுல நான் பார்த்ததே இல்லடி," என்று என்னிடம் சொன்னாள்.

அடக்கம் முடிந்த அன்றைக்கு அந்த ஒற்றை அறையில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். துக்கம் விசாரிக்க வந்த சூப்பர்வைசரும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை.

"விடும்மா. ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. அட்டை உன்கிட்ட இருக்கு, கணக்கு இருக்கு, சேத்த பணம் இருக்கு, வேலை இருக்கு. சீட்டுல பேர் மாறினா மாறிட்டுப் போகுது. யாரு கேக்கப் போறா?"

மகள் சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். "தப்புப் பண்ணது நான்தான் சித்தி. ஆனா திருத்தாதீங்க. திருத்தினா அட்டையைப் பிடுங்கிடுவாங்க. பணமும் போகும், வேலையும் போகும். அப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. நீராவி அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"நாளைக்கு நர்ஸ் படிப்புக்குப் போறே. அம்மா இல்லாத பொண்ணுன்னா காசில்லாம சேத்துக்குவாங்க. அம்மா இருக்காங்களான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே? இருக்காங்க, லாண்டரியில வேலை பாக்கறாங்கன்னு சொல்லுவியா? உங்கம்மா செத்ததுக்கு ஒரு சீட்டு கூட இல்லாமப் போகணுமா?"

மகள் சித்தியின் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"என் கதைக்கு வா. பொறந்தப்ப என்னை எவனும் எழுதிக்கல. பள்ளிக்கூடத்துல எழுதிக்கல. பேங்க்ல எழுதிக்கல. செத்துட்டான்னு சொன்னதும் மட்டும் ஒரு கேள்வி கேக்காம எழுதிக்கிட்டான்." மூக்கால் அந்தச் சத்தம் வந்தது. "அவன் வசதிக்கு நான் சாக மாட்டேன். செத்தது நான் இல்ல. என் அக்கா. அதை எழுத வெச்சிட்டுத்தான் மறுவேலை."

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போனார்.

ஆஸ்பத்திரியின் பதிவு அறைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா, பெயரைத் திருத்த வேண்டுமென்றால் இறந்தவரின் உண்மையான அட்டை வேண்டும் என்றார். நீராவி இடுப்புப் பையிலிருந்து அதை எடுத்தாள். ஓரம் தேய்ந்து, அவள் உடம்புச் சூட்டில் லேசாக வளைந்திருந்தது.

"இதைக் குடுத்தா ரத்து பண்ணிடுவோம். திரும்பக் கிடைக்காது."

"தெரியும்."

அவர் வார்டு நர்ஸை வரவழைத்து, அட்டையில் இருந்த முகத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டார். படம் மோசமாக இருந்தாலும் அக்காவின் நெற்றியில் இருந்த பழைய தழும்பு கைகொடுத்தது. மகளிடம் எழுதி வாங்கிக்கொண்டார். பிறகு சந்தேகம் வந்து நிமிர்ந்தார்.

"அப்ப இந்தச் சீட்டுல இருக்கிற பேர் யாரோடது?"

"என்னோடது."

"உங்க அட்டை?"

"இல்ல."

"அட்டை இல்லாம நீங்கதான் அவங்கன்னு நான் எப்படிம்மா நம்பறது?"

"நீங்க நம்ப வேணாம் சார். செத்தவங்க வரிசையில இருந்து என்னை எடுத்து விட்டாப் போதும். இருக்கிறவங்க வரிசையில எப்படி ஏறணும்னு நான் பாத்துக்கறேன்."

குமாஸ்தா சீட்டில் இருந்த பெயரை அடித்துவிட்டு அக்காவின் பெயரை எழுதினார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து அட்டையின் ஒரு மூலையை வெட்டினார். பிளாஸ்டிக் சடக்கென்று முறிந்தது. அந்த ஒரு சத்தத்தில் வேலை, சேமிப்பு, குழாய் வைத்த வீடு எல்லாம் போயிற்று. வெட்டிய துண்டை அவர் குப்பைக்கூடையில் போடப் போனபோது நீராவி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் அதை மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

மறுநாள் காலை வேலைக்கு வந்தாள். கேட்காரர் வழக்கம்போலப் பாராமலே கையசைத்து உள்ளே விட்டார். அட்டையை அவர் உண்மையில் பார்த்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

சூப்பர்வைசர் பெயர் கூப்பிட்டார். அக்காவின் பெயர் வந்தது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்.

"அவங்க செத்துட்டாங்க சார்," என்றாள் நீராவி.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தெரியும்மா. இருக்கேன்னு சொல்லிடு. பேசாம வேலையைப் பாரு."

"நான் இருக்கேன். ஆனா அது என் பேர் இல்ல. என் பேரைக் கூப்பிட்டா இருக்கேன்னு சொல்றேன்."

துவைக்கிற பக்கத்திலிருந்து மடிக்கிற மேஜைவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அவளைத்தான் கூப்பிட்டார், நான் என் பாட்டுக்குப் பின்னாலேயே போனேன்.

"அந்தப் பேர்ல வேலை பார்த்தவங்க செத்துட்டாங்கன்னா, இவ்வளவு நாள் இங்க இருந்த நீ யாரு?"

அவள் கையை நீட்டி முன்கையைக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை உருளை சுட்ட தழும்புகள். பழையவை வெளுத்தும் புதியவை சிவந்தும் கிடந்தன. என் கையிலும் உண்டு.

"என் அக்காவைக் குளிப்பாட்டி அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கேன் சார். அவ கை வழவழன்னு இருந்துச்சு. இங்க வேலை பார்த்தது யாருன்னு இதைப் பார்த்துச் சொல்லுங்க."

"இது மோசடி, தெரியுமா? போலீஸ்ல சொன்னேன்னா என்ன ஆகும்?"

"சொல்லுங்க. யார் பேர்ல புகார் குடுப்பீங்க? எனக்குத்தான் எங்கயும் பேரே இல்லையே."

அவர் போனை எடுத்தார், மறுபடி வைத்தார். அந்த இடைவெளியில் நான் நுழைந்தேன். "யாரோட அட்டையையாவது கொண்டு வான்னு சொன்னது யாரு சார்? நான் இதே இடத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

"ரெண்டு பேரும் வெளிய போங்க. நீ வீட்டுக்குப் போ," என்றார் அவளைப் பார்த்து.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. உருளைக்குப் பக்கத்தில் ஒரு காலித் துணி வண்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். சூப்பர்வைசர் துவைக்கிற பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து என் எதிர்முனையில் நிறுத்தினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"பிடிம்மா," என்றார்.

"அந்தப் பக்கம் ஆள் வேணும் சார்."

"ஆள்தான் நிக்குதே."

"இது துவைக்கிற ஆள். பாவம், கையைச் சுட்டுக்கும். எனக்கு உருளை ஆள் வேணும்."

எங்களுடைய உருளையை விட்டால் இன்னும் ஒன்று இருக்கிறது. அவர் அங்கே திரும்பினார். அங்கே நின்ற இரண்டு பேரில் மூத்தவள், வாயைத் திறந்தே பேசாதவள், பிடித்திருந்த மூலையைக் கீழே விட்டாள். "சார், நான் இருக்கேன் இருக்கேன்னு தினம் சொல்றது என் நாத்தனார் பேருக்கு. அவங்களும் ஒரு நாள் சாகத்தானே போறாங்க. அன்னைக்கு நான் என்ன பண்றது?" என்று கேட்டாள். அவளோடு நின்றவளும் மூலையை விட்டுவிட்டாள். மடிக்கிற மேஜையில் ஒருத்தி சித்தி மகளின் பெயர் என்றாள். இன்னொருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். சூப்பர்வைசர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார், மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். எங்கேயும் பார்க்க முடியாமல் அந்த மனிதர் தவித்தார்.

ஈர விரிப்பு குவியலாகக் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை வரும். வாடை வந்துவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து துவைக்க வேண்டும். அன்றைக்கு வந்தது. வாசலில் ஆஸ்பத்திரி வண்டி ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. மேனேஜர் மூக்கைச் சுளித்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார்.

"உனக்கு என்னதான் வேணும்?"

நீராவி எழுந்து நின்றாள். "என் பேரைச் சேத்துக்கிட்டு என் பேரைக் கூப்பிடணும். இத்தனை வருஷமா இங்க வேலை பாக்கறது நான்தான்னு எழுதி, என் படம் ஒட்டி, சீல் வெச்சுக் குடுக்கணும். பேங்க்லயும் அட்டை ஆபீஸ்லயும் காட்டறதுக்கு."

"அப்படி எழுதினா நான் மாட்டிக்குவேன்."

"எழுதலேன்னா பெட்ஷீட் நாறும்."

பேரம் நடந்தது. 'எங்களுக்குத் தெரிந்தவரை' என்று தொடங்கலாமா என்றார். தொடங்குங்கள், ஆனால் 'பல ஆண்டுகளாக' என்று நடுவில் வர வேண்டும் என்றாள். வந்தது. சீல் வைக்கும்போது அவர் கை மெதுவாகத்தான் இறங்கியது, ஆனாலும் இறங்கியது. அதற்குப் பிறகுதான் நான் என் மூலையை எடுத்தேன்.

வங்கிக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்னும் முடிந்தபாடில்லை. அந்தக் கடிதத்தோடு அதே அதிகாரியிடம் போனோம். கடிதம் மட்டும் போதாது, கணக்கு வைத்திருக்கிற இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் சின்னக் கணக்கு ஒன்றுக்கு மேலே அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். ஒரு கையெழுத்து என்னுடையது. மற்றொன்றுக்கு யாரைப் பிடிப்பது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் தானாகவே வந்து போட்டார். போட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

பழைய கணக்கை முடக்கிவிட்டார்கள். சட்டப்படி அது இறந்தவரின் பணம், மகளுக்கு வயது வரும்போது மகளுக்குப் போகும் என்றார் அதிகாரி.

"இறந்தவங்களா உருளை முன்னாடி நின்னு வெந்தாங்க?"

"எனக்குப் புரியுதுங்க. கம்ப்யூட்டருக்குப் புரியாது."

"அப்ப கம்ப்யூட்டரைக் கூப்பிடுங்க, நான் பேசிக்கறேன்."

இந்த முறை அதிகாரியும் சிரித்தார். வயது வந்த மறுநாளே எடுத்துக் கொடுக்கிறேன் என்று மகள் சித்தியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவளுக்கு அம்மாவின் சரியான சீட்டைக் காட்டி நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. நீராவியின் சம்பளம்தான் லாண்டரியிலேயே நிற்கிறது. என் கணக்கில் போடச் சொல் என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"இன்னொருத்தி பேருக்குள்ள இனிமே குடிபோக மாட்டேன்டி," என்கிறாள். "உன் பேருக்குள்ள கூட."

எங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களிலிருந்து ஆளுக்கொரு கை எடுத்து அவளுக்கும் சேர்த்து வைத்துக்கொள்கிறோம். வட்டிக்காரன் ஒருமுறை வாசலில் வந்து நின்று, உனக்குத் தர மாட்டேனா என்று இளித்தான். மூக்கால் வந்த சத்தத்திலேயே திரும்பிப் போய்விட்டான். ஒவ்வொரு விடுமுறை நாளிலும் ஒரு ஜன்னலில் போய் நிற்கிறாள், ஒன்று அட்டை ஆபீஸ், இல்லாவிட்டால் வங்கி. வங்கியில் முன்வரிசை நாற்காலி அவளுடையது என்று ஆகிவிட்டது. காவலாளி கேட்காமலே டோக்கன் எடுத்துக் கொடுக்கிறார். கணக்குப் புத்தகம் கையில் வராமல் அந்த நாற்காலியை விடுவதாக இல்லை என்கிறாள். அவளைத் தெரிந்தவள் என்பதால் சொல்கிறேன், விடமாட்டாள்.

கடிதம் எழுதி வாங்கிய மறுநாள் காலை நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது.

சூப்பர்வைசர் வண்டிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே போனார். அக்காவின் பெயர் வர வேண்டிய இடத்தில் அது வரவில்லை. எல்லாப் பெயரும் முடிந்த பிறகு, கடைசியில் புதிதாக ஒரு பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. எங்களில் பாதிப் பேர் அது யார் என்று சுற்றிப் பார்த்தார்கள். நீராவி என்றல்லாமல் அவளை யார் கூப்பிட்டோம்? அவளோ அன்றைய முதல் விரிப்பின் மூலையைத் தேடிக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

நான் முழங்கையால் இடித்தேன். "உன்னைத்தான்டி."

அவள் நிமிர்ந்தாள். ஒரு கணம் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு விளங்கியது. அக்கா செத்த அன்றுகூட எங்கள் முன்னால் அழாதவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள்.

"சரியா காதுல விழல சார். இன்னொரு தடவை கூப்பிடுங்க."

நன்றாகவே விழுந்திருந்தது என்பது அவருக்கும் தெரியும். கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கினார். காலை வண்டியிலிருந்து எடுத்துவிட்டு நேராக நின்றார். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்து, கடைசி மேஜைவரை கேட்கும்படி அவள் பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேன்," என்றாள்.